வட்டச் சூடு

என் கணவர் மாட்டுக்குச் சூடு போடுகிறவர். நான் மாட்டுக்குச் சூடு போடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். இந்த ஜவ்வாது மலை முழுக்கத் தேடி இப்படி ஒரு ஜோடியைப் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தவர்களை என்னவென்று சொல்ல.

அவருக்குத் தொழில் விவசாயம்தான். சாமை விதைப்போம், புளியமரங்கள் இருக்கின்றன. ஆனால் மாட்டுக்குத் தோள் வீங்கினாலும், கால் இழுத்தாலும், தீனி எடுக்காமல் நின்றாலும் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வலிக்கிற இடத்தில் கோடோ வட்டமோ இழுத்துவிட்டு வருவார். அந்தக் கம்பியை நான் விறகுக்கு அடியில் ஒளித்துவைப்பேன். வகுப்பில், "வாயில்லா ஜீவனைச் சுடுவது பாவம், கால்நடை டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்" என்பேன். பிள்ளைகள் வீட்டில் போய் அப்படியே ஒப்பிப்பார்கள். அதிலிருந்து மாட்டுக்காரர்கள் எங்கள் வாசல் பக்கம் வருவதை விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்று இருமினார்கள். இருமல் கேட்டால் இவர் விறகைக் கிளற ஆரம்பிப்பார்.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சூடு போடுகிறவன் தன் வீட்டு மாட்டுக்குப் போட மாட்டான். போடலாமா வேண்டாமா என்றுகூட வாய் திறக்க மாட்டான். அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்து பார்த்து, அவன்தான் சொல்ல வேண்டும், அவன்தான் போட வேண்டும். வீட்டுக்காரனுக்கு உள்ள வேலை, மாட்டின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது. எங்கள் செவலைக் காளைக்கு நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒருவர் வந்து போட்டபோது நான் பார்த்தேன். "தோ ஆச்சிடா, தோ ஆச்சி" என்று காளைக்குச் சொல்லிச் சொல்லி இவர் அழுதார். காளை அழவில்லை. அதை வைத்து நான் வெகு காலம் கிண்டல் செய்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோளாறு வகுப்பறையில்தான் ஆரம்பித்தது. ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ முறத்தை எடுத்துச் சாமை புடைப்பது போல இருந்தது. அதுவும் புடைக்கத் தெரியாதவள் புடைப்பது போல. நாலு தட்டு, ஒரு நிறுத்தல், மறுபடி ஒரு தட்டு. கண்ணை இருட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ஒரு பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சரியாகச் சொல்லிவிட்டதால்தான் டீச்சரம்மாவுக்கு மயக்கம் வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கீழே நகரத்தில் இருந்த இதய டாக்டர், என்னைவிட வயது குறைந்த பெண், ஈசிஜி எடுத்துப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகின்றனவாம். அதனால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழலாம், பேச்சே போகலாம் என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் துடிப்பை அடக்க ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பேச்சு போகும் என்றதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. அன்றிலிருந்து வேளை தவறாமல் மாத்திரையும் சொம்புத் தண்ணீருமாக என் முன்னால் வந்து நிற்பார்.

"பேச்சு போனா ஒனக்கு லாபந்தானேப்பா" என்று ஊரில் யாரோ இவரைச் சீண்டியிருக்கிறார்கள்.

"வூடு அமைதியா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்" என்றாராம்.

எங்கள் பக்கம் சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். கையைப் பிடித்து நாடி பார்த்தால்தான் வந்ததற்கு அர்த்தம். என் மணிக்கட்டு ஊர்ச் சொத்தாகிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தார்கள். இவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், பக்கத்து வீடு. அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பிடித்திருந்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணி, ஓடுது, நிக்கிது, ஓடுது, வராமயே போயிடுது. நம்ம மலை பஸ்ஸு மாதிரியே கீது."

காரணம் என்ன என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லோரும் என் கோபம்தான் என்றார்கள். நான் கத்தினேன். "பாத்தீங்களா" என்றார்கள்.

மாத்திரையில் கொஞ்ச நாள் அடங்கியிருந்தது. பிறகு முறக்காரி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்துவிடுவேன். மாத்திரையை மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை. அப்போதுதான் டாக்டர் அப்லேஷன் பற்றிச் சொன்னார்.

"தொடையில ஒரு ரத்தக்குழாய் வழியா மெல்லிசான வயர் ஒண்ணை உள்ள அனுப்பி, இதயத்துல ஒரு எடத்தைச் சுட்டு விடுவோம். அவ்வளவுதான்."

இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சூடா? நெஞ்சுக்கு உள்ளயா?"

"ஆமாங்க."

"எத்தினி கோடுங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. "கோடு இல்லைங்க, வட்டம். நுரையீரல்லேர்ந்து ரத்தக்குழாய் வந்து சேர்ற வாயைச் சுத்திப் புள்ளி புள்ளியா சுட்டுட்டே போவோம். தப்பான கரண்ட் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வருது. தழும்பு விழுந்துட்டா அதைத் தாண்டி வராது."

"வட்டச் சூடு!" என்று இவர் என் பக்கம் திரும்பினார். "கோடு யாரு வேணாப் போட்டுடுவாங்கமே. வட்டம் வர்றது கஷ்டம்." அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

மலையேறும் பஸ்ஸில் இவர் வாய் சும்மா இருக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு ஓர் ஆள் வீதம் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் இறங்குவதற்குள் டீச்சரம்மாவுக்கு நெஞ்சில் வட்டச் சூடு என்று மலைக்கே தெரிந்துவிட்டது. இத்தனை காலம் கொல்லைப்பக்கம் நின்று இருமிய ஆட்களெல்லாம் வாசல் வழியாக நிமிர்ந்து வந்தார்கள். "இன்னா டீச்சரம்மா, கால்நடை டாக்டர வரச் சொல்லட்டுங்களா?" என்று ஒருவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். வகுப்பிலும் விடவில்லை. முன்வரிசைப் பெண் எழுந்து, "டீச்சர், ஒங்களுக்குச் சூடு போட்டாப் பாவம் இல்லியா?" என்றாள்.

"எனக்கு வாய் இருக்குது. அதனால பாவம் இல்ல. உக்காரு" என்றேன்.

வாய் இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த வாயால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியவில்லை. சூடு போட்டுக்கொள்ளாவிட்டால் ஏற்றம் ஏற முடியாது. மலைக்குக் கீழே கலசப்பாக்கம் பக்கம் மாற்றல் கேட்டுப் போய் ஓர் அறை எடுத்துத் தனியாகக் கிடக்க வேண்டும். நிலத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு இவர் வர முடியாது. போட்டுக்கொண்டால் இவரோடு மலையிலேயே இருக்கலாம். ஆனால் சுடப்போவது தோளையா காலையா, இதயத்தை அல்லவா? ஒரே தடவையில் சரியாகிவிடலாம், சிலருக்கு மறுபடி செய்ய வேண்டிவரும், ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது, யோசித்து நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது. என்னைப் போன்றவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அதற்கு வீட்டில் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

"போட்டுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டேன்.

அதுவரை ஊரெல்லாம் பேசித் திரிந்த மனிதர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "டாக்டரக் கேளு."

"டாக்டரு நம்மளக் கேக்கறாங்க."

"அப்போ வேற டாக்டரக் கேளு."

"யோவ், ஒன்னத்தான்யா கேக்கறேன்!"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் எப்போது கேட்டாலும் இதே பதில்தான். அந்த நாட்களில் எங்கள் மாடுகள் குடித்த தண்ணீருக்குக் கணக்கே இல்லை. நானும் விடவில்லை. சோற்றில் உப்பைக் குறைத்துப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தபோது மட்டும் மாத்திரைச் சொம்போடு வந்து என் வாயையே உற்றுப் பார்த்தார். மற்றபடி அசையவில்லை.

நாத்தனாரோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுக்கும்போது பொங்கிவிட்டேன். "ஒங்கண்ணனுக்கு நான் இருந்தா இன்னா, செத்தா இன்னா? போட்டுக்கன்னும் சொல்ல மாட்டேங்கறாரு, வேணாம்னும் சொல்ல மாட்டேங்கறாரு. மாட்டுக்குச் சூடு போடச் சொல்லி எவன் வந்தாலும் ஓடறாரு இல்ல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அண்ணன் எப்பிடி அண்ணி சொல்லும்? தன் வூட்டதுக்குச் சூடு போடலாம் வேணாம்னு அது என்னிக்கு வாயத் தொறந்திருக்குது?"

"நான் இன்னா மாடாடீ?"

"மாட்டுக்கே சொல்லாத ஆளு, ஒங்களுக்கா அண்ணி சொல்லும்?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கொட்டையைத் தட்டினாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புளி பட்டுவிட்டது என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட்டேனே என்றிருந்தது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து நாள் வாங்கினேன். கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போனேன். "வெளியூர் ஆளு சொல்லியாச்சி. போட்டுக்கணுமாம்" என்றேன். டாக்டர் அப்படி அடித்துச் சொல்லவே இல்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

"சொல்லிட்டாங்களா?" என்றார். தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல மூச்சு விட்டார். அன்றைக்கு உப்பில்லாத சோற்றையே மறுபடி போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

குறித்த நாளில் எனக்குப் பச்சைத் துணி மாட்டி, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, சூடு போடும் அறையின் கதவு வரைக்கும் கொண்டுவந்தார்கள். இவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். கதவருகே டாக்டர் நின்றிருந்தார்.

"நான் உள்ள வரலாங்களா?" என்று கேட்டார் இவர்.

"கூடாதுங்க. நீங்க இங்கயே உக்காருங்க."

"அப்போ மூஞ்சிய யாருங்க புடிச்சிப்பாங்க?"

டாக்டர் விழித்தார். "மயக்கம் குடுத்துடுவோங்க. அவங்க அசைய மாட்டாங்க."

"அசையறதுக்கு இல்லீங்க..." என்று ஆரம்பித்தவர், துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"டாக்டர், அவருக்கு ஒரு நிமிஷம் குடுங்க" என்றேன் நான்.

நாலு பேர் எதிரில் என் விரலைக்கூடத் தொட்டவர் இல்லை. நர்ஸ் நிற்கிறாள், வண்டி தள்ளுகிறவர் நிற்கிறார், பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் எதையும் பார்க்கவில்லை. குனிந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காய்த்துப்போன கை, சொரசொரவென்று இருந்தது, புளி வாசனை அடித்தது.

"தோ ஆச்சிமே. தோ ஆச்சி."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லய்யா. அதுக்குள்ள இன்னா ஆச்சின்ற?"

அவர் காதில் விழவில்லை. அதையே சொல்லிச் சொல்லி அழுதார். அன்றைக்குக் காளை அழவில்லை. நான் அழுதேன்.

வண்டியைத் தள்ளினார்கள். கதவு சாத்தும்வரை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே வந்துவிட்டேன். அவருடைய இரண்டு கையும் என் முகம் இருந்த இடத்திலேயே, அதே அகலத்துக்கு, பிடித்தபடி நின்றன.