ரௌவா ஆற்றின் ஏழு ஆணிகள்

ரௌவா ஆற்றில் மீன் இல்லை என்பது ஹால்டிஸ் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். அவளுடைய தாத்தா காலத்தில் பள்ளத்தாக்குக்குச் செம்புச் சுரங்கம் வந்தது, மீன் போனது. ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. மீன் வேண்டியவர்கள் மேலே ஏரிக்குப் போனார்கள். கீழே ஆறு துருநிறத்தில் ஓடியது. பிள்ளைகள் பேனாக்கத்தியை அதில் முக்கி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அலகின் மேல் செம்பு படிந்துவிடும். வெளியூர்ப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்ள அது போதும்.

பத்தொன்பது வயதில் அவள் சுரங்க ஆலையில் சேர்ந்தாள். ஓடும் பட்டையின் இருபுறமும் பெண்கள் நிற்பார்கள். தாதுக்கல்லைப் போகவிட்டு, வெறுங்கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். இருபத்தோரு வருடம் அதே பட்டை, அதே இடம். மற்றவர்கள் கல்லைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஹால்டிஸ் திருப்பமாட்டாள். ஈரக்கல்லில் செம்பு எங்கே மினுங்குகிறது, எது சும்மா மினுங்குகிறது என்று அவள் கண்ணுக்குத் தெரியும். அங்கே துளைபோடும் வேலையிலிருந்த தூர்மோட்டைக் கட்டிக்கொண்டாள். சுரங்கத்தை மூடியபோது அவளுக்கு நாற்பது வயது. மறுமாதமே முதியோர் இல்லத்தில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். உருளைக்கிழங்கில் அழுகலைப் பொறுக்குவதும் அதே வேலைதான் என்று சொல்லிக்கொள்வாள். தூர்மோட் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது.

பிறகு அரசாங்கம் சுரங்க வாயில் சுண்ணாம்புத் தொட்டிகள் கட்டியது. சுரங்கத்துக்குள்ளிருந்து வரும் தண்ணீர் அதில் தங்கித் தெளிந்து ஆற்றுக்கு வந்தது. நாலைந்து வருடத்தில் ஆற்றின் அடியிலிருந்த கல் தெரிந்தது. எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஹால்டிஸ் மட்டும் மீனவர் சங்கத்துக்குப் போனாள்.

சங்கத் தலைவர் ஆர்விட், பழைய சுரங்க மேற்பார்வையாளர். எழுபத்தாறு வயது. மேலே ஏரிக்கரைக் குடிலில் சங்கம் டிரவுட் மீனின் முட்டைகளைக் கருவாக்கி வளர்த்தது. அதில் கொஞ்சம் கேட்டாள்.

"அந்த ஆத்துக்கா? அதுக்குப் பதிலா முட்டைய நேரா உன் வாணலியில போட்டுடு, ஹால்டிஸ்."

"ஆத்துத் தண்ணிய ஆய்வு செஞ்ச அறிக்கையைப் படிச்சியா?"

"படிச்சேன். தண்ணி நல்லாருக்குன்னு மீனுக்கு யாரு படிச்சுக் காட்டுறது?"

ஆனாலும் கொடுத்தார். துளைபோட்ட ஐந்து பெட்டிகள், பெட்டிக்கு இருநூறு முட்டை. இலையுதிர்காலத்தில் ஆற்றின் கூழாங்கல்லுக்கடியில் புதைத்தாள். ஜூனில் தோண்டியபோது எல்லாம் வெளுத்துச் செத்திருந்தன. மறுவருடமும் அப்படியே. அந்த வருடக் கூட்டத்தில் ஆர்விட் கைப்பட எழுதிவைத்துவிட்டார்: ரௌவாவுக்கு இன்னும் ஒரே ஒரு முறை. அதுவும் செத்தால் இனி முட்டை இல்லை.

"அப்போ இந்த இலையுதிர்ல வேணாம். அடுத்த இலையுதிர்ல குடு" என்றாள் ஹால்டிஸ்.

"ஏன், அதுக்குள்ள ஆத்துகிட்டப் பேசிப் பாக்கப் போறியா?"

"எதுனால சாகுதுன்னு தெரியாம இன்னொரு ஆயிரத்தக் கொல்லமாட்டேன்."

குளிர்காலம் முழுக்க யோசித்தாள். அறிக்கையில் பொய் இல்லை. தண்ணீர் எடுத்த தேதிகள்தான் கண்ணை உறுத்தின. ஆகஸ்ட், அக்டோபர். ஆகஸ்ட், அக்டோபர். பனி உருகத் தொடங்கும் வாரத்தில் ஒருவரும் வந்ததில்லை. அது ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வரும். நாடே மலைக்குடிலில் வெயில் பார்த்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது எந்த அதிகாரி வந்து தண்ணீர் மொள்வார்? முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளோ அப்போதுதான் கல்லுக்கடியில் அசையமுடியாமல் கிடக்கும்.

மார்ச் கடைசியில் ஏழு புது இரும்பு ஆணிகளைக் கம்பளி நூலில் கட்டினாள். முதலாவதுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு. சுரங்கவாய் முதல் தேவாலயப் பாலம் வரை ஏழு இடங்களில், பனிக்கட்டியில் ஓட்டை போட்டு ஆற்றில் தொங்கவிட்டாள். ஈஸ்டர் திங்கட்கிழமை மதியம் கூரைகள் சொட்டத் தொடங்கின. நாலு நாள் பொறுத்து, ஆணிகளை எடுத்துவந்து சமையல் மேசையில் வரிசையாக வைத்தாள்.

ஏழும் சிவப்பாகத்தான் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கையை விரித்திருப்பார்கள். ஹால்டிஸ் நகத்தால் சுரண்டினாள். முதல் மூன்று உதிர்ந்தன, துரு. நாலாவது உதிரவில்லை. துணியால் தேய்த்ததும் இளஞ்சிவப்பாய் மின்னியது, செம்பு. ஐந்தில் கொஞ்சம் மங்கல். ஏழில் அங்கங்கே புள்ளி.

அப்படியானால் சுரங்கவாயில் குற்றமில்லை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என்னவோ ஆற்றில் கலக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலிலிருந்தே தெரிந்தது, காலில் பலகை கட்டிச் சறுக்கிவந்து காற்றில் தாவும் பனிச்சறுக்குத் தாவல் மேடு.

அன்று அவள் ஆர்விட்டுக்குத் தொலைபேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த மேடு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊர்வேலையாகக் கட்டியது. தாவுகிறவர்கள் இறங்கும் நீளச் சரிவுக்கு எக்கச்சக்கமாக மண் வேண்டியிருந்தது. ஆலையில் தாதுவை அரைத்தெடுத்த பிறகு மிஞ்சும் மணல், இன்னும் கொஞ்சம் செம்பு ஒட்டியபடி, மலைமலையாகக் கிடந்தது. சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிக் கொட்டினார்கள். கோடையில் புல் முளைக்காத சரிவைப் பார்த்து, வெட்டுகிற வேலை மிச்சம் என்று சிரித்தவர்கள்தான் எல்லோரும். அந்தச் சரிவில் ஐம்பத்தெட்டரை மீட்டர் தாவியவர் ஆர்விட். ஐம்பது வருடமாகியும் யாரும் அதைத் தாண்டவில்லை. புத்தாண்டன்று இன்னமும் அங்கே பந்தம் ஏற்றித் தாவுகிறார்கள்.

சொல்லாமல் விட்டால் ஆறு போகும். சொன்னால் மேடு போகும். மூன்றாம் நாள் சங்கக் கூட்டத்துக்கு ஆணிகளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனாள்.

பதினான்கு பேர் காப்பிக் கோப்பையோடு கேட்டார்கள். முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: "நாலு மீனுக்காக மேட்டை மூடணுங்கிற. பொறவு சர்ச்சுக் கட்டடத்தையும் மூடுவியா?"

"சர்ச்சு அடியில அந்த மணல் இருந்தா அதையும் கேப்பேன்."

"அந்த மேட்டைக் கட்ட எங்கப்பா மூணு கோடை வேல செஞ்சாரு!"

"எங்கப்பாதான் லாரி ஓட்டுனாரு" என்றாள் ஹால்டிஸ். "நாப்பது நடை. எனக்குப் பன்னெண்டு வயசு, பக்கத்துல உக்காந்திருந்தேன். கொட்டும்போது ஆரன் அடிக்க என்னைத்தான் விடுவாரு. நான் யாரையும் குத்தம் சொல்ல வரல."

எல்லோரும் ஆர்விட்டைப் பார்த்தார்கள். அவர் நாலாம் ஆணியை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கருகில் வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். இன்னொரு முறை சுரண்டினார்.

"இது துரு இல்லைன்னு உறுதியாத் தெரியுமா?"

"இருபத்தோரு வருஷம் எனக்குச் சம்பளம் எதுக்குக் குடுத்தீங்க?"

ஆர்விட் ஆணியை மேசையில் வைத்தார். கோப்பையில் இருந்த காப்பியைக் குடித்து முடித்தார்.

"இப்ப சரிவை மூடிட்டா" என்றார் மெல்ல, "அங்க இனி யாரும் தாவ முடியாது. அப்படித்தானே?"

"ஆமா. மூடுனதுமேல குதிச்சா கிழிஞ்சுபோகும்."

"ஐம்பத்தெட்டரையை எவனாலயும் தாண்ட முடியாது."

பின்வரிசைக்காரர்தான் முதலில் சிரித்தார். ஆர்விட் சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னார். ஒன்பது கை எழுந்தது. அதில் கடைசி அவருடையது.

நகராட்சிப் பொறியாளர் வந்து மணலைச் சோதித்து, தலையை ஆட்டி, வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஒரு மண்வாரி இயந்திரமும் வந்தது. மிச்சம் ஊர்வேலை. மேலிருந்து உருகிவரும் நீர் மணலைத் தொடாமல் சுற்றிப்போக வாய்க்கால் வெட்டினார்கள். சரிவின்மேல் நீர்புகா விரிப்பு, அதன்மேல் களிமண், அதன்மேல் வயல் மண். கோடை முழுக்க சனிக்கிழமைகளில் வேலை. ஹால்டிஸ் வாஃபிள் அப்பம் சுட்டுப் போட்டாள். கூட்டத்தில் கை தூக்காத ஐந்து பேரில் நாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒருவர் வரவில்லை. இன்றுவரை ஹால்டிஸைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போகிறார். அவர் போகட்டும் என்று அவளும் வழிவிடுகிறாள். மரத்தாவுமேடையை மட்டும் பிரிக்கவில்லை. அது சரிவுக்கு மேலே, எங்கும் இறங்காமல் நின்றது.

இலையுதிர்காலத்தில் கடைசி ஐந்து பெட்டிகளைப் புதைத்தாள். அடுத்து வந்த ஈஸ்டருக்கு ஆர்விட் மலைக்குடிலுக்குப் போகவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்றார். ஆனால் தினமும் பாலத்துக்கு நடந்தார்.

ஜூன் இரண்டாம் வாரம் இருவரும் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டு ஆற்றில் இறங்கினார்கள். ஹால்டிஸ் கல்லை விலக்கி முதல் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. முட்டை ஓடுகளின் தோல் மட்டும் ஒட்டியிருந்தது.

"எங்க போச்சு?" என்றார் ஆர்விட். குரல் உயர்ந்துவிட்டது. "ஹால்டிஸ், எதுவுமே இல்லையே!"

"போயிடுச்சு, ஆர்விட். வெளிய போயிடுச்சு. செத்திருந்தா உள்ளயே கெடக்கும்."

அவர் பெட்டியை வாங்கி மூலைமூலையாகத் துழாவினார். செத்து வெளுத்தவை பதினொன்று. மற்றப் பெட்டிகளில் ஒன்பது, இருபது, பதினாறு. ஐந்தாவது பெட்டி கலங்கல் அடைத்து முழுக்கச் செத்திருந்தது. அதை அவள் தனியாக வைத்தாள். அடுத்தமுறை அந்த வளைவில் புதைக்கக் கூடாது என்றாள். அடுத்தமுறை என்று அவள் சொன்னதை ஆர்விட் மறுக்கவில்லை.

பிறகு ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில், கல்லின் நிழலில், விரல்நுனி நீளத்துக்கு நாலைந்து நிழல்கள் ஓட்டத்தை எதிர்த்து நின்றதைக் கண்டார்கள். ஆர்விட் நகராமல் நின்றார். காலணிக்குள் தண்ணீர் போனதும் அவருக்குத் தெரியவில்லை.

"தூண்டில் அளவுக்கு வர எத்தன வருஷம்?"

"நாலு. அஞ்சு."

"எனக்கு எழுபத்தொம்பது."

"அதுக்கு மீன் என்ன பண்ணும்?"

அந்த வாரமே சங்கம் கூடி, ரௌவா ஆற்றில் ஐந்து வருடத்துக்கு மீன்பிடிக்கத் தடை போட்டது. தடைப் பலகை செய்ய வேண்டியிருந்தது. சங்கத்தின் கிடங்கில் ஏரிக்கான பலகைகள் இருந்தன. ஆற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஆற்றில் யாரையும் தடுக்க இதுவரை தேவை வந்ததில்லை. ஆர்விட்டே மரம் அறுத்து, வெள்ளை அடித்து, கறுப்பில் எழுதினார். பாலத்தருகே நடும்போது ஹால்டிஸ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா இருக்கா?"

"கொஞ்சம் எடது பக்கம். இன்னும். ம், அடி."

அவர் அடித்தார்.