கதவில் ஒட்டிய தகடு

மகள் அலமாரிக் கதவில் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். நேற்று உரிக்க உட்கார்ந்தேன். காகிதம் வந்தது, பசை வரவில்லை. தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தபோது, அந்த வாசனை என்னைச் சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் முன்பு தங்கியிருந்த ரூமில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. மற்றவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் என்றால் அம்மா நினைவு வருமாம். எனக்கு ரத்தம். வாய்த்த மூக்கு அப்படி.

முத்து, ஜெயராஜ், நான். மூவரும் திருநெல்வேலிப் பக்கம், ஒரே கார் கம்பெனி. ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்வோம், தெருவைக் கேட்க மாட்டோம். ஒரே பாயில் புரள்கிறவர்களுக்கு அது எதற்கு?

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போன முத்து, தன் சாதிச் சங்கத்தின் பிளாஸ்டிக் தகடு ஒன்றோடு திரும்பினான். தலைவர் படம், இரண்டு நிறக் கோடு. அதை ரூமின் மரக்கதவில் ஒட்டினான். ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்பதால், கண்ணாடியிலிருந்து காலண்டர்வரை நாங்கள் எதை ஒட்டினாலும் கம்பெனி டேப்தான். வண்டிக்குப் பின்னால் பெயர் எழுத்தை ஒட்டுகிற டேப் அது. வெயில், மழை, வாட்டர் சர்வீஸ் எதற்கும் அசையாது.

ஜெயராஜ் தகட்டைப் பார்த்தான். அந்தச் சங்கத்து ஆட்கள்தான் அவன் அண்ணன் கையை வெட்டியவர்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சுவருக்குப் பட்டி பார்க்கிற இரும்பு பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தான். தகடு துண்டு துண்டாகத் தெறித்தது. டேப் வரவில்லை, அவனும் விடவில்லை. பச்சை பெயின்ட் போய், அடியிலிருந்த பழைய நீலம் போய், மரச் சிராய் பிய்ந்தது. "விடுல, பெறவு பாத்துக்கிடலாம்" என்றேன். அவன் காதில் ஏறவில்லை.

ஷிப்ட் முடிந்து முத்து வந்தான்.

"யாரக் கேட்டுல அதத் தொட்ட?"

"நானும் இந்தக் கதவு வழியாத்தாம்ல போவணும், வரணும்."

அவ்வளவுதான் பேச்சு. முத்து அவன் தலைமயிரைப் பிடித்து அதே கதவில் மோதினான். நிறுத்தாமல் மோதினான். ஜெயராஜ் கையிலிருந்த பிளேடு முத்துவின் காதைக் கிழித்தது. விலக்கப் போன எனக்கு முன்பல் போயிற்று. சமாதானத் தூதனுக்குக் கிடைத்த கூலி.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓனர் இறங்கி வந்தார். தரையெல்லாம் ரத்தம். அவர் கதவைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாபா, கதவ இப்டி பண்ணி வச்சிகீறீங்க? பொங்கலுக்குத்தான பெயின்ட் அடிச்சேன்."

ஜெயராஜ் தலையில் கட்டோடு அன்றே பையை எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையில் வேறு ரூமுக்குப் போய்விட்டான். மிச்சப் பசை என் தலையில் விடிந்தது. தின்னர் ஊற்றினேன். பெயின்ட் குழம்பாக வழிந்தது, பசை அசையவில்லை. பிறகுதான் புத்தி வந்து, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, கம்பெனி லைனில் வண்டியில் கோணலாக ஒட்டிப்போன எழுத்தை எடுப்பதுபோல நைலான் நூலால் அறுத்தேன். பசையோடு ரத்தம் காய்ந்த ஜெயராஜின் முடியும் வந்தது. அழுகை வரவில்லை, முத்துவைக் கொன்றுவிடலாம்போல ஆத்திரம்தான் வந்தது.

அந்த ரூம் வரிசையை இடித்து இப்போது லாரி நிறுத்துகிறார்கள். போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது ஜெயராஜைப் பார்த்தேன். முன்பெல்லாம் தோளில் கை போட்டுக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பான். இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாதிக் கயிறு கட்டியிருக்கிறேனா என்று என் மணிக்கட்டைப் பார்த்தான். நான் இரண்டு சட்டைக் கையையும் ஏற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான், "நல்லாருக்கியால?" என்று கேட்டான்.