கொள்ளுச் செடி பரப்பிய சாலையில்

அண்ணாமலையார் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நல்லவளாக இருந்து கேட்டுப் பெற்றவள் இல்லை நான். ஒரு மனிதரைச் சாகக் கிடத்திவிட்டுக் கேட்டவள்.

திருவண்ணாமலையிலிருந்து ஜவ்வாது மலைப் பள்ளத்தாக்குக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் நிலத்தை ஒட்டிப் போகிறது. தை மாதம் கொள்ளு அறுத்தால் எங்கள் பக்கத்தில் யாரும் களம் தேடுவதில்லை. செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து, சாயங்காலத்துக்குள் கொள்ளு உதிர்ந்துவிடும். வண்டிகள் ஒதுங்கிப் போய்விடாமல் இருக்க ஓரமாகக் கல் வரிசை வைப்போம். போன வருடத் தையிலும் வைத்தேன். பெரிய கல்லாகப் பொறுக்கி நானேதான் வைத்தேன்.

காலை பத்து மணி இருக்கும். பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். செடியில் சக்கரம் வழுக்கியது. விழுந்தவரின் தலை என் கல்லில் மோதியது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து முதலில் செய்த வேலை, கல்லையெல்லாம் வயலுக்குள் எறிந்ததுதான்.

"நாம போட்டதுன்னு வாயத் தொறக்காத" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆம்புலன்ஸில் அவரோடு ஏறினேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கண் திறந்தால் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். வழியெல்லாம், "அண்ணாமலையாரே, இது வெளியே தெரியக் கூடாது" என்றுதான் வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு வேண்டுதல்! இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் பெயர் சின்னராஜ். மனைவி மல்லிகா இரண்டு பஸ் மாறி மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். காலில் செருப்பில்லை. மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க யாரோ எவரோ. கூட வந்தீங்களே. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்க்கா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. ஜன்னல் வழியே அண்ணாமலை தெரிந்தது. அதைப் பார்த்துக் கதறினேன். "என் மானம் போகட்டும். ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன். அந்த ஆள மட்டும் குடுத்துடுப்பா."

பிறகு அவளிடம் போய்க் கையைப் பிடித்து, "அந்தச் செடிய நான்தாம்மா போட்டேன். கல்லும் நான் வச்சதுதான்" என்றேன்.

கையை விலக்கிக்கொண்டாள். திட்டவில்லை. "எங்க ஊருலயும் கேழ்வரகு அறுத்தா ரோட்டுலதாங்க போடுவோம். அவருதான் கல்லு எடுத்து வைப்பாரு" என்றாள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் சின்னராஜ் கண் திறந்தார். மல்லிகாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கு நடக்கிறது. வீட்டுக்காரர் என்னோடு பல மாதம் பேசவில்லை. சின்னராஜின் உயிரைக் கேட்டேன், கிடைத்தது. ஆனால் வலது கையும் காலும் திரும்பி வரவில்லை. அவரால் இனி ஏர் பிடிக்க முடியாது.

இந்தத் தையில் வயலிலேயே தார்ப்பாய் விரித்துக் கொள்ளு அடித்தோம். இடுப்பு ஒடிந்தது, ஒடியட்டும். ரோட்டில் செடி பரப்பியவர்களிடம் போய் எடுக்கச் சொன்னேன். பைத்தியம் என்றார்கள். பட்டவளுக்குத்தானே தெரியும்.

தவறு செய்தவர்களே, நமக்குக் கேட்க வாயில்லை என்று இருந்துவிடாதீர்கள். மறைத்துக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அண்ணாமலையார் காது கொடுப்பார்.

போன பௌர்ணமிக்கு மல்லிகா சின்னராஜைக் கோயிலுக்கு அழைத்து வந்திருந்தாள். கோபுரத்துக்கு எதிரே அவரை உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கிரிவலம் போனோம். பதினாலு கிலோமீட்டரும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கூடவே நடந்தாள். திரும்பி வந்தபோது அத்தனை கூட்டத்திலும் எங்களைக் கண்டுகொண்டு, சின்னராஜ் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.