தொப்பூர் தாண்டி நிறுத்திய வண்டி

என் தம்பி தன் வீட்டில்தான் சாக வேண்டும் என்று அவன் மனைவி கேட்டுக்கொண்டாள். அதற்குமுன் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூச வேண்டும். உயிர் இருப்பவர்களுக்குத்தான் அந்த எண்ணெய். சேலம் மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். தொண்டையில் குழாயோடு அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். எங்கள் ஊர் அதியமான்கோட்டைக்குப் பக்கம். அதுவரை மூச்சுக் கொடுக்க, உதவியாளர் ஒருவர் ரப்பர் பையை அழுத்திக்கொண்டே வந்தார்.

எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. செத்தவர்களுக்கும் காற்றடித்து, உயிரிருப்பதுபோல் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன், என்னை ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு வேறு. அவர் அழுத்தினால் தம்பியின் நெஞ்சு உயர்ந்தது, விட்டால் தாழ்ந்தது. காற்றடித்தால் தலையணைகூட உயரும். விரலில் மாட்டிய கருவி துடிப்பின் அளவைக் காட்டுவதும் மறைப்பதுமாக இருந்தது. சிலிண்டர் திறந்திருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டேன்.

தொப்பூர் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். பையைக் கழற்றுங்கள், அவனாக மூச்சு விடுகிறானா பார்ப்போம் என்றேன்.

"வேணாங்க சார். கழட்டுனா தாங்க மாட்டாருங்க."

நானே பிடுங்கினேன். நெஞ்சு எழவில்லை. கழுத்தில் விரல் வைத்தேன். துடிப்பு இருந்தது. அப்போதே பையை மாட்டியிருக்கலாம். ஒரு மூச்சாவது அவனாக இழுக்கட்டும் என்று, மறு கையால் உதவியாளரைத் தடுத்துக்கொண்டு காத்திருந்தேன். என் விரலுக்கடியில் துடிப்பு தளர்ந்து நின்றது.

அவர் என்னைத் தள்ளிவிட்டுப் பையை மாட்டினார். அதை என்னிடம் கொடுத்து, சொல்லும்போதெல்லாம் அழுத்தச் சொல்லிவிட்டு, நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். வண்டி கிளம்பியது. ஊர் வரும்வரை துடிப்பு திரும்பவில்லை.

வாசலில் சாமியார் காத்திருந்தார். தம்பி மனைவி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மூச்சு இருக்குதுங்களா மாமா?"

என் கை பையை அழுத்தியது. அவன் நெஞ்சு உயர்ந்தது.

"இருக்குதும்மா. சீக்கிரம் பூசச் சொல்லு."

உதவியாளர் என்னைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எண்ணெய் பூசி முடியும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் பட்ட பிறகுதான் அவர் உயிர் போனது என்று இன்றும் அவள் சொல்கிறாள். நான் இருக்கும்போதுதான் அதிகம் சொல்கிறாள், என் முகத்தைப் பார்த்தபடி. அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதை அவளிடம் கேட்கும் தகுதி எனக்கில்லை. இதை முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.