நிழல் விழாத படம்

காலை பதினொன்றே கால் மணிக்குச் செய்தி வந்தபோது அக்காவின் இரண்டு கைகளிலும் மை. மேசை ஓரத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, யாருன்னு பாருங்க. எனக்குக் கையெல்லாம் மை!"

உள்ளறையில் அச்சுச் சட்டம் கழுவிக்கொண்டிருந்த கணவர் ஈரக்கையோடு வந்து எடுத்தார். "சொல்லும்மா" என்றார். போனைக் காதோடு வைத்தபடியே நின்றார். குழாயை மூடாமல் வந்திருந்தார். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மை கலக்கும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் அவர் வாயைத் திறந்துவிடுவார் என்று பட்டது.

"உன் தம்பி போயிட்டான்மா" என்றார்.

அவள் கலக்கிக்கொண்டிருந்தது அந்தத் தம்பியின் படத்துக்கான நிழலை.

தெருவின் கடைசியில், கீழ்த்தளத்தில் இரண்டு அறை. அதுதான் அவர்களுடைய ஸ்கிரீன் பிரிண்டிங் கூடம். ஓவியர்கள் வருவார்கள், அவர்கள் வரைய, இவர்கள் அச்சடிக்க, கூட்டாக ஒரு படம் பிறக்கும். நிறத்துக்கு ஒரு சட்டம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிமேல் மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. அடியில் கிடக்கும் தாளில் அந்த ஒரு நிறம் மட்டும் இறங்கும். அது காய்ந்தால்தான் அடுத்தது. பதினோரு நிறம் கேட்டு உயிரை வாங்குகிற ஓவியர் அம்மா ஒருத்தர் உண்டு. கணினியில் அனுப்பிவிட்டு எட்டியே பார்க்காத மகராசன் ஒருவரும் உண்டு. தம்பி மட்டும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால், கடைசித் தாள் காயும்வரை நகர மாட்டான். அக்கா அவனுக்கு வைத்த பெயர் ஆமை.

எந்த நிறமானாலும் ஓவியர் கறுப்பில்தான் வரைந்து தருவார். அந்தக் கறுப்பு மேசையில் என்ன நிறமாகப் போகிறது என்பது அவர் மனசுக்குள் இருக்கும். தம்பியோ நிழலின் நிறத்தைக் கடைசிவரை சொல்லவே மாட்டான். நிழல் என்பது அடியில் உள்ளதெல்லாம் தெரியும்படி மெலிதாக இறங்குகிற மை. "மத்த நிறமெல்லாம் காயட்டும்க்கா. அதுங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நிழல முடிவு பண்ணணும்" என்பான். துண்டுத் தாள்களில் ஒவ்வொன்றாக இழுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். சண்டை போடுவார்கள். கடைசியில் அவன் தலையாட்டுவான்.

பிழைப்புக்கு அவன் வரைந்ததெல்லாம் சோப்பு உறை, மருந்துப் பெட்டி, கணக்குப் புத்தகத்தில் எண்ணுவதற்கான ஆப்பிள். "நம்ம படம் போகாத வீடே இல்லக்கா. என்ன, போன வேகத்துல குப்பையோட வெளிய வந்துடும்" என்று சிரிப்பான். தனக்கென்று, தன் பெயர் போட்டு, அவன் வரைந்தது ஒன்றே ஒன்று. இந்த அச்சுக்கூடம்தான் அந்தப் படம். மேசைமேல் குனிந்து மை இழுக்கும் அக்கா, பின்னால் சட்டம் கழுவும் மாமா, நடுவில் காலி முக்காலி.

"முக்காலியில நீ எங்கடா?"

"வரைஞ்சுக்கிட்டு இருக்கறவன் உள்ள எப்படிக்கா உக்காருவான்?"

ஐந்தாவது நிறம் காய்ந்து, நிழல் மட்டும் மிச்சமிருந்த அன்றைக்குத்தான் வயிற்று வலி என்று அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாள் அதிகமில்லை என்று டாக்டர் அவன் மனைவியிடம் சொல்ல, அவள் அக்காவிடம் சொன்னாள். அவனிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா நிழலுக்கு விதவிதமாக மை கலந்து இழுத்தாள். துண்டுத் தாள்களைப் பையில் அடைத்துக்கொண்டு தினமும் போய் நின்றாள்.

"இந்த லைட்டுல எல்லா நிறமும் காய்ச்சல்ல படுத்த மாதிரி இருக்குக்கா."

"வெளிய கூட்டிட்டுப் போறேன்டா. சக்கர நாற்காலி கேக்கறேன்."

நர்ஸ் மறுத்துவிட்டாள். "டாக்டர் சொல்லாம கூடாதும்மா."

"இத்தன வருஷம் என்னைய ஆமைன்ன. இப்ப ஏன் துரத்தற?" என்றான் தம்பி.

"சட்டம் வேற வேலைக்கு வேணும்டா."

"பொய் சொல்லக்கூட ஒனக்கு வரலக்கா." சற்று நேரம் கூரையைப் பார்த்தான். "நிழல நான் சொல்லிட்டா நீ படத்த முடிச்சிடுவ."

அதற்குமேல் அவளால் எப்படிக் கேட்க முடியும்? கேட்டால், நீ சாகப்போகிறாய் என்று சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால் படம் போய்விடும். தலையணையைச் சரிசெய்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் கிளம்பும்போது அவனாகவே ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கில் பிடித்துக்கொண்டான். ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு நிறம். "இது கிட்ட வருது. இன்னும் கொஞ்சம் சூடு வேணும். நாளைக்குக் கொண்டா."

மறுநாள் காலை அந்த நிறத்து மை டப்பாவைத் திறந்து சூடு சேர்த்தாள். எப்போதும் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் புதிதாகச் சேர்ப்பாள். கை தவறினால் திரும்பி வர ஒரு வழி வேண்டுமல்லவா? அன்றைக்கு அவசரம். மொத்த டப்பாவிலும் சிவப்பை விட்டாள், பிறகு மஞ்சளையும் விட்டாள். எவ்வளவு என்று மனதில் பதிவதற்குள் போன் அடித்தது.

எல்லாம் முடிந்து தம்பி மனைவி அச்சுக்கூடத்துக்கு வந்தாள். "முடிச்சிடுங்க அண்ணி. எதையாவது போடுங்க. அவர் வந்து கேக்கவா போறார்?" சொல்லி முடிப்பதற்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவன் கையில ஒரு துண்டுத் தாள் இருந்துச்சேம்மா?"

"படுக்கைய மாத்தினவங்க கூட்டித் தள்ளியிருப்பாங்க அண்ணி. நான் பாக்கல."

டப்பாவில் இருந்த மை ஈரல் நிறத்துக்குப் போயிருந்தது. அக்கா பச்சை சேர்த்தாள், சேறானது. முதலிலிருந்து வேறு டப்பாவில் தொடங்கினாள். இழுத்த ஒவ்வொரு துண்டையும் வாசலில் பிடித்து, பழக்கதோஷத்தில் முக்காலிப் பக்கம் திரும்பினாள்.

"இது நல்லாத்தானே இருக்கு?" என்றார் கணவர்.

"ஒங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்!" என்று எரிந்து விழுந்தாள். அவர் உள்ளே போய், ஏற்கெனவே கழுவிய சட்டத்தை மறுபடி கழுவினார்.

அந்த இடைவெளியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நல்ல தாள் ஒன்றில் ஒரு நிழலை இறக்கியே விட்டாள். சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள். மேசையும் முக்காலியும் தரையில் வந்து நின்றுவிட்டன. ஆனால் அது யாருடைய அறையோ. தாளைக் கசக்கினாள். கசக்கிய பிறகு, அதிலும் அவன் போட்ட ஐந்து நிறம் இருந்ததே என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மற்ற தாள்கள் உலர்த்தும் தட்டுகளில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் அக்காவின் கால் தரையில் படவில்லை, முக்காலியும் மிதக்கிறது. நிழலின் சட்டத்தை மை போகக் கழுவி, மேசைக் கீலில் திரும்பப் பூட்டியாயிற்று. அதில் இன்னும் மை ஊற்றவில்லை.