சத்தம் போடாத பிள்ளைகள்

மூடியில்லாத ஒரு தகர டப்பா, அதற்குள் முடி கொட்டிப்போன ஒரு பிரஷ். பெரியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். அவர் எங்களுக்கு உறவில்லை. ஆம்பூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். அம்மாவும் அப்பாவும் ஷூ கம்பெனிக்குப் போகும்போது என்னையும் தங்கச்சியையும் அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எங்களோடு இன்னும் மூன்று பிள்ளைகள். எங்களைப் பார்த்துக்கொண்டே அவர் கம்பெனி வேலையும் செய்வார். மூட்டையாக வரும் ஷூ மேல்தோல்களின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, தைத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பசைக்கு எங்கள் ஊரில் சொல்யூஷன் என்று பெயர்.

கதவையும் ஜன்னலையும் அவர் திறக்கவே விடமாட்டார். "காத்து அடிச்சா பசையில தூசி ஒட்டிக்கும்டா, பீஸெல்லாம் ரிஜெக்ட் ஆயிடும்" என்பார். நல்ல மனுஷி. தன் தட்டிலிருந்து எடுத்துத்தான் எங்களுக்கு ஊட்டுவார். பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாய்ந்துவிடுவோம். அவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டே தைப்பார். சாயங்காலம் அம்மா வந்து தூக்கும்போது தங்கச்சியின் தலை துணி மாதிரி தொங்கும். அம்மாவுக்கு அதில் பெருமை. "பெரியம்மா கிட்ட வுட்டா எம்புள்ளைங்க சத்தமே போடாதுங்க" என்று தெருவெல்லாம் சொல்வாள். அந்தப் பசை வாசனையை யாரும் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருடைய வீட்டிலும், துணியிலும், சோற்றிலும்கூட அதே வாசனைதான் இருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். பாலிடெக்னிக்கில் ஒருநாள் லேப் வாத்தியார் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டு, "முதல்ல ஜன்னலத் தொறங்கப்பா, மயக்கம் வந்துடும்" என்றார். மூடியைத் திருகியதும் பெரியம்மா வீடு மூக்கில் ஏறியது. பத்து மணிக்கெல்லாம் நாங்கள் ஏன் சாய்ந்துவிடுவோம் என்று அப்போதுதான் புரிந்தது. தங்கச்சி பேசத் தொடங்கவே நாலு வயதானது. இன்றும் அவளிடம் ஒன்று கேட்டால் பதில் வர நேரம் பிடிக்கும். அதற்கும் அந்த அறைக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அம்மாவிடம் இதுவரை நான் சொல்லவில்லை.

இப்போது என் மகளுக்கு எட்டு மாதம். மனைவி வேலூரில் நர்ஸ், லீவு முடிந்துவிட்டது. அம்மாவும் இன்னும் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விடுவதில்லை, நம் வீட்டுக்கே ஆள் வரட்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர் சுத்தமாக, அமைதியாக இருந்தார். "என் கையில எந்தக் கொழந்தையும் அழாதுப்பா. மத்தியானம் பூரா தூங்கும்" என்றார். மனைவிக்கு முகம் மலர்ந்தது. அம்மா என்னைப் பார்த்து, "இத வுட இன்னாடா வேணும்?" என்றாள்.

அடுத்து வந்த அக்கா வாசலிலிருந்தே பேச ஆரம்பித்தார். "பல்லு மொளைக்கற புள்ள அழத்தான் செய்யும். தூக்கினு தெருவுல நடப்பேன். அக்கம்பக்கம் பேஜார்னு திட்டுவாங்க, திட்டட்டும்." நான் அவரையே வரச் சொன்னேன். "பேச்சு ஜாஸ்திடா அதுக்கு," என்று அம்மா முணுமுணுத்தாள். காரணம் கேட்ட மனைவியிடமும் நான் சரியாகச் சொல்லவில்லை.

முதல் நாள் மதியம் நான் வேலை பார்க்கும் கம்பெனி ஆபீஸிலிருந்து போன் செய்தேன். பின்னால் மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கியது. இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் போனில் எந்தச் சத்தமும் இல்லை.

"இன்னாக்கா, பாப்பா எங்க?"

"இப்பதான் தூங்குச்சுப்பா. நல்ல தூக்கம்."

இருக்கலாம். எட்டு மாதப் பிள்ளை மதியம் தூங்கும். அது எனக்கும் தெரியும்.

"எழுப்புங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே வண்டிச் சாவியைத் தேடினேன்.