கேமிங் பெட்டியும் என் பஸ் டிக்கெட்டும்

ஆறு மாத ஓவர்டைம் பணத்தோடு இன்று கும்மிடிப்பூண்டி பஜாரில் கேமிங் கம்ப்யூட்டர் பார்க்கப் போனேன்.

பட்ஜெட்டைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே நான்கு ஃபேன், நான்கிலும் கலர் கலராக லைட். திருவிழா சீரியல் செட் தோற்றுவிடும்.

"கிராபிக்ஸ் கார்டு இன்னா போட்டுக்கீறீங்க?"

"மொதல்ல லைட்டப் பாருங்க சார். ரிமோட்ல மாத்திக்கினே இருக்கலாம்."

நான் கம்பெனியில் ப்ளோயர் பார்க்கும் மெயின்டனன்ஸ் ஆள். காற்று இழுக்கிறதா என்று காகிதத்தை வைத்துப் பார்ப்பது என் தினசரி வேலை. பஸ் டிக்கெட்டைப் பெட்டியின் முன்பக்கம் வைத்தேன். நேராகத் தரையில் விழுந்தது. முன்பக்கம் முழுக்க மூடிய கண்ணாடி. ஃபேன்கள் அதைப் பார்த்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

"காத்தே உள்ள போவலியே, சூடாவாதா?"

"ஏசி ரூம்ல வச்சிக்கினா ஒண்ணும் ஆவாது சார்."

"எங்க ஊட்ல ஏசி இல்லியே."

பரிதாபமாகப் பார்த்தார். "அப்போ கேமிங்லாம் இன்னாத்துக்கு சார்?"

கல்லாவில் அவர் பில் போடும் பழைய கறுப்புக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்க வலையில் அதே டிக்கெட்டை வைத்தேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இதே மாதிரி பெட்டில போட்டுக் குடுங்க."

பதறிவிட்டார். "அய்யோ சார், அது வேல செய்றதுக்கு வாங்கினது!"

கண்ணாடிப் பெட்டி வாங்கியவர்கள் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் கவலை வேண்டாம், நாலு மீன் வாங்கி அதற்குள் விட்டுவிடலாம்.